கரும்புத் தொட்டிலும் கசப்புச் சொல்லும்

தைப்பூசத்தன்று பத்துமலைக்குச் செல்வோர் கண்ணில் முதலில் படுபவை காவடிகள். என் கண்ணில் படுபவை கரும்புத் தொட்டில்கள். கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் மஞ்சள் துணியைத் தொங்கவிட்டு, சில மாதக் குழந்தையைக் கிடத்தி, முன்னே கணவனும் பின்னே மனைவியுமாக 272 படிகளையும் ஏறுகின்றனர். பல்லாண்டு பிள்ளையின்றித் தவித்து, வேண்டிக்கொண்டு, வேண்டுதல் பலித்தவர்கள் அவர்கள். கூட்டம் விலகி வழிவிடுகின்றது. மூதாட்டியர் குழந்தையின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கின்றனர். அக்காட்சியில் எனக்குக் குறையேதும் இல்லை. நானும் முருகனை வணங்குகிறவன்தான். ஆனால், தொட்டிலின் பின்முனையைத் தோளில் தாங்கி வருகிறாளே ஒருத்தி, அவளை நாம் ஏறிட்டுப் பார்க்கிறோமா? அந்தக் குழந்தை பிறப்பதற்கு முந்திய ஆண்டுகளில் அவளை எந்தச் சொல்லால் சுட்டினோம் என்பதை நினைத்துப் பார்க்கிறோமா?

அச்சொல்லை இங்கே ஒருமுறை எழுதிவிடுகிறேன். மலடி. தமிழாசிரியன் என்ற முறையில் சொல்கிறேன்: மலடன் என்ற சொல்லும் நம் மொழியில் உண்டு. அதனைச் செந்தூல் பாசாரிலோ, திருமண மண்டபத்திலோ, துக்க வீட்டிலோ எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? ஆண்பாற் சொல்லை ஏட்டில் துயில விட்டுவிட்டுப் பெண்பாற் சொல்லை மட்டும் நாவில் கூர்தீட்டி வைத்திருக்கிறது நம் சமுதாயம். வள்ளுவர் மக்கட்பேறு என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அதிலுள்ள பத்துக் குறட்பாக்களிலும் தேடிப் பாருங்கள். பிள்ளை பெறாதவளைப் பழிக்கும் ஒரு சீர்கூட இல்லை. வள்ளுவருக்கு இல்லாத துணிவு நமக்கு எங்கிருந்து வந்தது?

பிறரைக் குற்றஞ்சாட்டுமுன் என் குற்றத்தைச் சொல்லிவிடுவதே முறை. என்னிடம் பணிபுரியும் ஓர் ஆசிரியையின் அனுமதி பெற்றே இதனை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார், அவ்வாறே ஆகட்டும். அவர் மணமாகி ஓராண்டு கழிந்த நேரம். பள்ளித் தீபாவளி விருந்தில், தட்டோடு நின்றிருந்தவரிடம், “என்ன டீச்சர், விசேஷம் ஏதும் உண்டா?” என்று கேட்டேன். அன்பினால் கேட்டதாகவே அன்று எண்ணினேன். அவரும் சிரித்தார். பல ஆண்டுகள் கழித்து அவர் சொன்னார்: “ஐயா, அந்த ஆண்டு அந்தக் கேள்வியைக் கேட்டவர்களை எண்ணத் தொடங்கினேன். நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். நீங்கள் பதினோராவது ஆள்.”

இக்கட்டுரை அந்தப் பதினோராவது ஆள் எழுதுவது.

அவருக்கு இருந்தது சினைப்பை நீர்க்கட்டி நோய். மருத்துவர்கள் பி.சி.ஓ.எஸ். என்பர். பதின்மூன்று வயதில் பூப்பெய்தி, மண்டபம் எடுத்து மஞ்சள் நீராட்டு விழா நடத்தப்பட்ட பெண். அதன் பின்னர் மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் நான்கு மாதத்துக்கு ஒருமுறையுமாக வந்தது. தாயார் சொன்ன மருத்துவம் ஒன்றே: “கல்யாணமானால் எல்லாம் சரியாகிவிடும்.” விழாவுக்கு முந்நூறு பேரை அழைத்த குடும்பம், அவ்விழாவுக்குக் காரணமான உடல் ஒழுங்காக இயங்குகிறதா என்று ஒரு மருத்துவரைக் கேட்கவில்லை. குடும்பத்தை மட்டும் சொல்வானேன்? பின்னாளில் அவர் போன ஒரு மருந்தகத்தில் விலக்கை வரவழைக்க மாத்திரை கொடுத்தார்களேயன்றி, ஏன் வரவில்லை என்பதை ஒருவரும் விளக்கவில்லை. நோயின் பெயரை அவர் முதன்முதலாகக் கேட்டது மணமாகி மூன்றாம் ஆண்டில்.

இது புதுமையான நோயன்று. சிக்காகோ நகரத்து மருத்துவர்களான ஸ்டெயின், லெவன்தால் என்னும் இருவர் 1935ஆம் ஆண்டிலேயே ஏழு பெண்களை ஆராய்ந்து இதனை வரைந்து காட்டினர். நெடுங்காலம் அவர்கள் பெயராலேயே இந்நோய் வழங்கியது. பிறகு வந்த பெயர்தான் வம்பு செய்கிறது. நீர்க்கட்டி என்றதும் நம்மவர் வயிற்றில் ஏதோ கட்டி வளர்கிறது, அறுத்தெறிந்தால் போய்விடும் என்று அஞ்சுகின்றனர். அவை கட்டிகளே அல்ல. முழுமையாக முதிராமல் பாதி வழியில் நின்றுவிட்ட கருமுட்டைகளைத் தாங்கிய சிறு பைகள். பெயர் பொருந்தவில்லை, மாற்றுங்கள் என்று அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவகம் 2012இல் கூட்டிய வல்லுநர் குழுவே பரிந்துரைத்தது.

முட்டை ஏன் பாதி வழியில் நிற்கிறது? நாம் உண்ணும் மாவுப்பொருள் சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. அதனைத் தசைகளுக்குள் செலுத்துவது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். இந்நோயுள்ளோரில் பெரும்பாலோர்க்கு உடல் அந்த இன்சுலினின் சொல்லை எளிதில் கேட்பதில்லை. ஆகவே கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. மிகுந்துபோன இன்சுலின் சினைப்பையைத் தூண்டி, ஆண்மைச் சுரப்புகளை அளவுக்கு மீறி உண்டாக்கச் செய்கிறது. முட்டை முதிராது, விலக்கு தவறும், முகத்தில் பருவும் மோவாயில் முடியும் தோன்றும், எடை ஏறும். மெலிந்த பெண்களுக்கும் இது வருவதுண்டு என்பதால் எடை ஒன்றே காரணம் என்றும் முடிவு கட்டிவிடலாகாது. விலக்கு ஒழுங்கின்மை, ஆண்மைச் சுரப்பின் மிகுதி, ஒலியலைப் படத்தில் தெரியும் சினைப்பையின் தோற்றம் ஆகிய மூன்றனுள் இரண்டேனும் இருந்து, வேறு காரணங்கள் இல்லை என்று உறுதியானால் இந்நோய் எனக் கொள்ளலாம் என்பது 2003இல் ராட்டர்டாமில் வகுக்கப்பட்ட அளவுகோல்.

ஓர் அடையாளத்தை மட்டும் ஆசிரியர்களுக்காகத் தனியே சொல்ல வேண்டும். இன்சுலின் மிகுந்த உடலில் கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்துத் தடிக்கும். நம் வகுப்பறைகளில் அப்படிப்பட்ட கழுத்தோடு உட்கார்ந்திருக்கும் சிறுமியரையும் சிறுவரையும் நாம் என்ன செய்கிறோம்? “தேய்த்துக் குளிப்பதில்லையா?” என்று அதட்டுகிறோம். பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியல் கற்று, முப்பதாண்டை நெருங்கும் பணிக்காலம் கொண்ட நானே அப்படி அதட்டியிருக்கிறேன். அந்தக் கறுப்பு சோப்பினால் போகும் அழுக்கன்று. அது உடல் நமக்கு எழுதி அனுப்பும் கடிதம். எழுத்தறிவிக்கும் நமக்கே அதைப் படிக்கத் தெரியவில்லை.

பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்கு 8 முதல் 13 பேர்வரை இந்நோய் இருக்கலாம் என்றும், அவர்களுள் நூற்றுக்கு 70 பேர்வரை தமக்கு இது உள்ளதென்றே அறியாமல் வாழ்கின்றனர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. காலைச் சபைக் கூட்டத்தில் நூறு மாணவியர் வரிசையாய் நிற்கும்போது இந்தக் கணக்கு என் நினைவுக்கு வருகிறது. பத்துப் பேர். எந்தப் பத்துப் பேர்?

இனி, ஆண்மக்களிடம் ஒரு சொல். உலகில் ஆறு பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் பிள்ளைப்பேற்றுத் தடையைச் சந்திக்கின்றனர் என்று அதே நிறுவனம் 2023இல் அறிவித்தது. அத்தடைகளில் ஏறத்தாழப் பாதியில் ஆணின் உடலுக்கும் பங்குண்டு. ஆணைச் சோதிக்க வேண்டியது ஒரு விந்துப் பரிசோதனை. வலியில்லை, மயக்க மருந்தில்லை, கத்தியில்லை. ஆயினும் மனைவியைக் குளத்துக்கும் கோவிலுக்கும், சோதிடரிடமும் மந்திரிப்பவரிடமும் அலைக்கழித்துவிட்டு, ஐந்தாம் ஆண்டில் தயங்கித் தயங்கி அந்தச் சோதனைக்கு இசைபவன்தான் நம் வீரத் தமிழ்மகன். இந்த ஆசிரியையின் கணவர் முதல் வாரத்திலேயே தாமாக முன்வந்து சோதனை செய்துகொண்டார். அவரிடம் குறையில்லை என்று தெரிந்ததும் அவருடைய உறவினர் சிலர் வேறு பெண் பார்க்கலாமே என்று பேச்செடுத்தனராம். அவர்களைக் கூடத்தில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பி, பிறகு ஈராண்டு அவர்கள் வீட்டு விசேஷம் எதற்கும் போகாமல் இருந்துவிட்டார் அந்த மனிதர். அவரைப் பற்றிக் கதை எழுதலாம்.

கதை என்றதும் நம் எழுத்தாளர்களுக்கும் கொஞ்சம் சொல்லத் தோன்றுகிறது. நம் சிறுகதைகளில் பிள்ளையில்லாத பெண் என்ன ஆகிறாள்? கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கத்தில் கோவில் பிராகாரத்தில் மயங்கி விழுகிறாள். மருத்துவச்சி நாடி பார்த்துப் புன்னகைக்கிறாள். மாமியார் சர்க்கரை எடுத்து வந்து வாயில் போடுகிறாள். முற்றும். அவளுக்கு என்ன நோய் இருந்தது, எப்படித் தீர்ந்தது, பின் அவள் உடல் என்ன பாடுபட்டது என்பதெல்லாம் கதைக்கு வெளியே. அந்தச் சர்க்கரையைப் பற்றிச் சற்றுப் பின்னர் பேசுவேன்.

மயங்கி விழுந்து கரு வருவதில்லை. எடை மிகுந்தோர் தம் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைத்தாலே பலருக்கு முட்டை வெளிப்படத் தொடங்கும். அது போதாதபோது மருந்து உண்டு. குளோமிஃபீன் என்னும் மாத்திரை 1960களிலிருந்து வழக்கில் உள்ளது. மார்பகப் புற்றுக்காக உருவான லெட்ரசோல் என்னும் மாத்திரையை அதனோடு ஒப்பிட்டு, 750 பெண்களிடம் நடத்திய அமெரிக்க ஆய்வு 2014இல் வெளிவந்தது. ஐந்து சுழற்சிவரை மருந்துண்டதில், லெட்ரசோல் எடுத்தோருள் நூற்றுக்கு 27.5 பேரும், மற்றதை எடுத்தோருள் 19.1 பேரும் உயிருள்ள குழந்தையைப் பெற்றனர். இந்நோயுள்ள பெண்களில் பெரும்பாலோர் முடிவில் தாயாகின்றனர். இதனை அந்த ஆசிரியையிடம் முதலாண்டிலேயே ஒருவர் சொல்லியிருந்தால் எத்தனை இரவுகள் அவர் தூங்கியிருப்பார்!

அதற்கு மாறாக அவருக்குக் கிடைத்தவை குப்பிகள். மூன்றே மாதத்தில் கரு தரிக்கும் என்ற உறுதிமொழியோடு, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதப்படாத குப்பிகள். நான் சித்த மருத்துவத்தின் பகைவனல்லன். என் பாட்டி அரைத்த கசாயத்தில் வளர்ந்தவன். முறையாகக் கற்றவர் வேறு. கண்ணீரை முதலாக்கி வாணிபம் செய்வோர் வேறு. ஒரு குப்பி விற்பவரிடம், “பலிக்காவிட்டால்?” என்று அவர் கணவர் கேட்டார். “நம்பிக்கை குறைவாக இருந்தால் பலிக்காது” என்பது பதில். மருந்து தோற்றாலும் பழி பெண்ணுக்கே!

செந்தூலிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஜாலான் ராஜா லாவுட்டில் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் கட்டடம் இருக்கிறது. 1966இல் தோன்றிய அவ்வாரியம் பிள்ளைப்பேற்றுத் தடைக்கும் சிகிச்சை அளிக்கிறது. ஊழியர் சேமநிதியிலிருந்து இச்சிகிச்சைக்குப் பணம் மீட்கவும் 2020ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் வழிசெய்தது. குப்பி விற்பவரின் கைப்பேசி எண் நம்மவர் பலருக்குத் தெரிகிறது. இவை தெரிவதில்லை.

ஆறாம் ஆண்டில் அவர் கருவுற்றார். இனித்தான் என் வழக்கின் சாரம் தொடங்குகிறது. ஏனெனில், கரு தங்கியவுடன் நோய் நீங்கிவிட்டதாக ஊர் முடிவு செய்துவிடுகிறது. உண்மை நேர்மாறானது. இந்நோயுள்ளோரின் கருக்காலத்தில் கருச்சிதைவு, உயர் இரத்த அழுத்தம், குறைப்பிரசவம், கருக்கால நீரிழிவு ஆகிய யாவும் பிறரினும் மிகுதி. 2023இல் புதுப்பிக்கப்பட்ட அனைத்துலக வழிகாட்டி, இவர்களின் கருவைத் தொடக்கத்திலேயே கூடுதல் கண்காணிப்புக்குரியதாகக் கருத வேண்டும் என்கிறது. கருவுறத் திட்டமிடும்போதே சர்க்கரைச் சோதனை. தவறினால் கருவுற்ற பின் முதல் மருத்துவப் பரிசோதனையின்போது. மீண்டும் 24 முதல் 28 வாரத்துக்குள்.

அச்சோதனை எப்படியென்று நம் ஆண்கள் பலர் அறியார். இரவு முழுதும் பட்டினி. காலையில் தாய் சேய் நல மருந்தகத்தில் ஒரு முறை இரத்தம். பின்பு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீர். இரண்டு மணி நேரம் பெஞ்சில் அமர்ந்து காத்திருந்து மறுபடி இரத்தம். வெறும் வயிற்றில் 5.1ஐயோ, இரண்டு மணி நேரத்துக்குப் பின் 7.8ஐயோ தொட்டுவிட்டால் கருக்கால நீரிழிவு என்று நம் நாட்டு மருத்துவர்கள் கொள்கின்றனர். அந்தக் குளுக்கோஸ் நீரைக் குடித்துக் குமட்டலோடு உட்கார்ந்திருக்கும் இரண்டு மணி நேரத்தில் அருகே ஒருவர் இருந்தால் எவ்வளவோ ஆறுதல். 2023 ஜனவரி முதல் தனியார் துறை ஊழியருக்கும் பிள்ளை பிறந்தால் தந்தைக்கு ஏழு நாள் விடுப்பைச் சட்டம் தருகிறது. அதற்கு முந்திய மாதங்களில் ஒரு காலைப்பொழுதைத் தர எந்தச் சட்டமும் வேண்டியதில்லை, மனம்தான் வேண்டும்.

ஆசிரியையின் அளவு எல்லையைத் தாண்டியது. தாதி உணவுப் பட்டியல் ஒன்றைக் கொடுத்தார். வீட்டிலோ, “ஆறு வருடம் கழித்து வந்த பிள்ளை, இரண்டு பேருக்குச் சாப்பிடு” என்றார்கள். வளைகாப்புக்கு ஏழு வகைச் சோறு. தேங்காய்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல் உட்பட. மறுத்தால் பெரியோரை அவமதித்ததாகும். உண்டால் மறுநாள் விரலில் குத்திப் பார்க்கும் கருவி காட்டிக்கொடுக்கும். அவர் எல்லாவற்றிலும் ஒரு கவளம் எடுத்துக் கைக்குட்டையில் மறைத்தார் என்பதைக் கேட்டபோது நான் சிரிக்கவில்லை. ஒரு பட்டதாரி ஆசிரியை, தம் வயிற்றுப் பிள்ளையைக் காக்க, திருடியைப் போலச் சோற்றை ஒளித்திருக்கிறார்!

நம் உணவைப் பற்றி வெளிப்படையாய்ப் பேசியே தீர வேண்டும். காலையில் ரொட்டி சானாய், டின்பால் ஊற்றி இழுத்த தேநீர். நண்பகலில் மலைபோல் வெள்ளைச் சோறு. மாலையில் மீண்டும் அதே தேநீரும் பலகாரமும். 2019இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் 31.4 பேர். மூன்றில் ஒன்றை நெருங்கும் இந்த எண்ணிக்கையைக் கேட்டும் நாம் இனிப்புநீர் வந்தால் வரட்டும், பரம்பரை நோய்தானே என்று தேநீரை உறிஞ்சுகிறோம். பரம்பரை என்பது உண்மையே. சினைப்பை நீர்க்கட்டி நோயும் குடும்பங்களில் தொடர்வதே. அதனாலன்றோ முன்கூட்டிப் பார்க்க வேண்டும்!

தமிழ்நாடு இதில் நமக்கு வழிகாட்டியிருக்கிறது. சென்னை மருத்துவர் சேஷையா, கருக்கால நீரிழிவை எல்லாப் பெண்களிடமும் தேட வேண்டும் என்று பல்லாண்டு வாதாடினார். கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் சர்க்கரைச் சோதனை என்று தமிழ்நாட்டு அரசு 2007இல் ஆணையிட்டது. அங்கிருந்து நடிகர்களை அழைத்து வந்து விழா எடுக்கும் நம் சங்கங்கள் ஒருமுறையேனும் அத்தகைய மருத்துவர் ஒருவரை அழைத்து வந்து மேடையேற்றட்டும். கூட்டம் குறைவாகத்தான் வரும். வரட்டும்.

பிள்ளை நலமாகப் பிறந்தது, பெண் குழந்தை. ஊர் திரண்டு வந்து பார்த்தது. தொட்டில் கட்டியாயிற்று, வேண்டுதலும் தீர்த்தாயிற்று. பெற்றவள் நிலை? சிலருக்கு நடப்பதுபோல் அவருக்குப் பால் போதிய அளவு சுரக்கவில்லை. “பெறவும் தாமதம், கொடுக்கவும் இல்லை” என்று ஓர் உறவுக்காரி சொன்னது அவர் காதில் விழுந்தது. மோவாய் முடி மீண்டும் வளர்ந்தது. பகலில் பிள்ளையைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு இரவில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதிருக்கிறார். இந்நோயுள்ளோர்க்கு மனச்சோர்வும் மிகுதி; அதையும் கேட்டறிய வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டியிலேயே உள்ளது. “உனக்கென்ன குறை, அதுதான் பிள்ளை வந்துவிட்டதே” என்று வாயடைத்தோம். மலடி என்ற சொல்லால் முன்பு அடித்தவர்கள், தாய் என்ற சொல்லால் இப்போது அடித்தோம்.

பேறுகாலத்துக்கு ஆறு வாரம் கழித்து மீண்டும் சர்க்கரைச் சோதனை செய்ய வேண்டும். கருக்கால நீரிழிவு கண்டவர்களுக்குப் பின்னாளில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல் என்று 2009இல் வெளிவந்த தொகுப்பாய்வு கூறுகிறது. ஆனால் ஆறாம் வாரம் என்பது நம் வீடுகளில் பத்தியச் சாப்பாட்டுக் காலம். வாசற்படி தாண்டலாகாது. குழந்தைக்குத் தடுப்பூசி என்றால் கார் புறப்படும்; தாய்க்கு இரத்தச் சோதனை என்றால் “பிறகு பார்த்துக்கொள்ளலாம்.” அந்தப் பிறகு நான்கு ஆண்டுகள் கழித்து வந்தது. ஒரு நாள் மூன்றாம் பாட வேளையில் அவருக்குக் கண் மங்கியது. நாற்காலியில் உட்கார வைத்து நீர் கொடுத்தோம். சோதித்தபோது நீரிழிவு உறுதியாயிற்று. வயது 37.

அன்று மாலைதான் அவர் என் அறையில் அமர்ந்து, நான் மேலே எழுதியவற்றையெல்லாம் சொன்னார். பதினோராவது ஆள் என்பதையும் அன்றுதான் சொன்னார்.

தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியனுக்கு இப்பேச்செல்லாம் எதற்கு, பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டுமே என்று சிலர் முகஞ்சுளிப்பர். பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதன் விளைவுதான் “கல்யாணமானால் சரியாகிவிடும்” என்பது. அறிவுக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது. ஐந்தாம் ஆண்டிலும் ஆறாம் ஆண்டிலும் பூப்பெய்தும் சிறுமியரின் பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்து, பூப்பெய்திய பின் மூன்றாண்டு கடந்தும் விலக்கு ஒழுங்குக்கு வராவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள் என்று சொல்ல ஒரு தாதியை ஏற்பாடு செய்தேன். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இருவர் எழுந்து எதிர்த்தனர். தாய்மார் எவரும் எதிர்க்கவில்லை. கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு தாய் தயங்கி நின்று, “சார், பெரிய பிள்ளைக்கு வயது பத்தொன்பது, அவளையும் கூட்டி வரலாமா?” என்றார்.

வரலாம் என்றேன்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த ஆசிரியைக்கு இரத்தச் சோதனை. பட்டினியோடு போக வேண்டியிருப்பதால் காலையில் பள்ளிக்கு வர இயலாது. முன்பெல்லாம் அப்படிப்பட்ட நாளில் விடுப்புப் பாரத்தில் “சொந்த அலுவல்” என்று எழுதுவாராம். சென்ற முறை “சர்க்கரைச் சோதனை” என்றே எழுதிக் கொடுத்தார். அன்று அவருடைய ஐந்தாம் ஆண்டுக் கணக்குப் பாடத்தை நான் எடுத்தேன், பின்னப் பெருக்கல்.